மாநாட்டுக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

கல்லூரி நூலகர், திருநெல்வேலி

தொழில்சார் மாநாடுகளை நடத்துகிறவர்கள் பேச்சாளர் பட்டியலுக்காகவும் மேடை ஏற்பாட்டுக்காகவும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆனால் கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்து, இரவு ரயிலில் வந்து இறங்கும் பங்கேற்பாளர் காலை முதல் மாலை வரை என்ன பாடுபடுகிறார் என்று பார்ப்பதற்குப் பெரும்பாலும் யாரும் பொறுப்பேற்பதில்லை. அடுத்த ஆண்டு எங்கள் மண்டலத்தில் நூலகர் மாநாடு ஒன்றை நடத்தவிருக்கிறோம். நீங்கள் நேரில் கண்ட நல்லதையும் குறையையும், அமைப்புகளின் பெயரைத் தவிர்த்து, இங்கே எழுத வேண்டுகிறேன்.

குழந்தைநல மருத்துவர், திருச்சி

ஐயா, என் முதல் வேண்டுகோள் தொடக்க விழாவைப் பற்றியது. நான் கலந்துகொண்ட ஒரு மாநில அளவிலான மாநாட்டில் 9 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிய வேண்டிய விழா, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் 11.30 வரை நீண்டது. குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருந்த அனைவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு என எதிலும் குறை வைக்கவில்லை. போன ஒன்றரை மணி நேரத்தை எங்கே ஈடுகட்டுவது என்று வந்தபோது, அது முதுநிலை மாணவர்களின் ஆய்வுரைகளின் தலையில் விழுந்தது. 10 நிமிடத்துக்குத் தயாரித்து வந்த ஒரு மாணவி, மேடையேறும்போதுதான் தனக்கு 4 நிமிடமே என்று அறிந்து, நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு முடிவுரைக்குப் போனதைப் பார்த்தபோது மிகவும் வேதனையாக இருந்தது. அந்த அரங்கில் கேட்கத் தகுந்தது அந்த உரைதான் என்று இன்றும் நம்புகிறேன். வேறொரு மாநாட்டில் தொடக்க விழாவை முதல் நாள் மாலை 5.30 மணிக்கு, அமர்வுகளுக்கும் இரவு உணவுக்கும் இடையில் வைத்திருந்தார்கள். விருந்தினர் அங்கும் தாமதமாகத்தான் வந்தார். ஆனால் ஒருவருடைய உரையும் சுருங்கவில்லை.

இன்னொன்று, சான்றிதழ். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகள் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரத் தொடர் கல்வியை எதிர்பார்ப்பதால், வருகைச் சான்று எங்களுக்கு அவசியமானது. அதைக் கடைசி நாள் மாலை ஒரே மேசையில் கொடுத்தால், ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கடைசி உரையை விட்டுவிட்டு அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்பார்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பொறியாளர், கோவை

மாநாடுகளின் உணவு ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 400 பேர் வருகிறார்கள், வரிசை 20 விநாடிக்கு ஒருவர் வீதம் நகர்கிறது என்று கொள்வோம். ஒரே வரிசை என்றால் கடைசி ஆள் தட்டோடு நகர 8,000 விநாடிகள், அதாவது 2 மணி 13 நிமிடம் ஆகும். அதே உணவை இரண்டு மேசைகளில் வைத்து, மேசைகளைச் சுவரோரம் ஒட்டாமல் இரு பக்கமும் எடுக்கும்படி நடுவில் போட்டால் வரிசை நான்காகிறது. 34 நிமிடத்துக்குள் எல்லோர் கையிலும் சாப்பாடு இருக்கும். கூடுதல் செலவு சில பாத்திரங்களும் கரண்டிகளும் மட்டுமே. சுடச்சுடத் தோசை வார்த்துக் கொடுக்கும் இடத்தை இந்த வரிசையிலிருந்து பிரித்துத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் வரிசையிலுள்ள மிக மெதுவான பண்டம்தான் அத்தனை பேரின் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

என் சொந்த விருப்பம், இடமிருந்தால் பந்திதான். தோளில் பையும் ஒரு கையில் சாம்பார் சாதத் தட்டுமாக நிற்பவர், பக்கத்தில் வந்தவரிடம் தன் முகவரி அட்டையை எடுத்துக் கொடுக்கக்கூட முடிவதில்லை. இலைக்கு முன் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து இலைக்காரரிடம் எந்த ஊர், எந்தத் துறை என்று கேட்காமல் எழுந்திருப்பவர் அரிது.

மென்பொருள் உருவாக்குநர், சென்னை

பொறியாளர் ஐயா சொன்னதை ஒட்டி ஒன்று. அமர்வுகளுக்கு நடுவே ஏற்கெனவே பழகியவர்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். தனியாக வந்தவருக்கு அந்த வட்டம் மூடிய கதவு. கட்டற்ற மென்பொருள் மாநாடுகளில், வாய் திறந்த வட்டம் போலிருக்கும் பழைய வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரால், பாக்-மேன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். மென்பொருள் ஆவணம் எழுதுவோருக்காக ரைட் தி டாக்ஸ் மாநாடுகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் பரப்பிய விதி அது: வட்டத்தில் எப்போதும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள், ஒருவர் வந்து சேர்ந்ததும் சற்று நகர்ந்து மறுபடியும் இடைவெளி விடுங்கள். முதல் நாள் காலையிலேயே மேடையிலிருந்து இதை அறிவித்த ஒரு மாநாட்டில், சிறிய ஊர்க் கல்லூரியிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு மாணவிக்கு மூத்த நிரலாளர் ஒருவர் பேச்சை நிறுத்தாமலே ஓரடி விலகி இடம் கொடுத்ததைக் கண்டேன். அன்று மதியம் அந்தப் பெண் அதே வட்டத்தில் தன்னுடைய செயல்திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பெயர் அட்டையின் இரு பக்கமும் பெயரை அச்சிடவும் மறக்காதீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டை எப்போதும் திரும்பித்தான் கிடக்கும்.

கட்டடக்கலைஞர், சென்னை

நான் இரு காதுகளிலும் காதொலிக்கருவி அணிபவள். மாநாடுகளில் நான் மிகவும் அஞ்சுவது, "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கணீரென்று எல்லோருக்கும் கேட்கும்" என்று தொடங்கும் பேச்சாளரைத்தான். கேட்கிறதா என்று அவர் அரங்கைப் பார்த்துக் கேட்பார். கேட்கும் திறனுள்ளவர்கள் ஆம் என்று தலையசைப்பார்கள். கேட்காதவருக்கோ அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது. பல காதொலிக்கருவிகளில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. அரங்கைச் சுற்றித் தரையோரம் ஒரு கம்பி வளையம் பதித்து, ஒலிவாங்கியின் மின்சைகையை அதில் செலுத்தினால், உண்டாகும் காந்தப்புலத்தை அந்தச் சுருள் வாங்கி, சுற்றுப்புற இரைச்சல் கலக்காமல் பேச்சை மட்டும் காதுக்குத் தரும். மைக்கில் புகாத குரல் அந்த வளையத்திலும் புகாது. வளையமே இல்லாத அரங்கிலும் ஒலிபெருக்கி வழியாக வரும் குரல்தான் எங்களுக்குப் பாதியாவது பிடிபடும்.

கேள்வி நேரம் இதைவிடக் கடினம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்பார், மேடையில் இருப்பவர் விரிவாகப் பதில் சொல்வார்; எதற்கான பதில் என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருப்பேன். நீர் ஒழுகும் கூரைகளைப் பற்றிய ஓர் அமர்வில் தலைமை தாங்கியவர், ஒவ்வொரு கேள்வியையும் தாமே மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சாளரைப் பதில் சொல்ல அழைத்தார். அந்த அரை மணி நேரத்தில் ஒரு சொல்லையும் நான் இழக்கவில்லை. அவரை நேரில் சந்தித்து நன்றி சொன்னேன். இதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் திரை வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தானியங்கி எழுத்து அடிக்கடி தடுமாறுகிறது என்பதால், அமர்வுக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

ஸ்லைடுகளுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. விளக்கெரியும் அரங்கில் வெள்ளைப் பின்புலத்தில் வெளிர்மஞ்சள் எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர், கொழும்பு

அம்மா எழுதியதை வாசித்தபோது நாங்கள் அமர்ந்து உரைபெயர்க்கும் கூண்டுக்குள் நடப்பதும் நினைவுக்கு வந்தது. இலங்கையில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆதலால் தொழில்சார் மாநாடுகளில் உடனடி உரைபெயர்ப்பு தேவைப்படுகிறது. செவிப்பன்னியை (ஹெட்ஃபோன்) மாட்டிக்கொண்டு எங்களை நம்பியிருப்பவருக்கு, பேச்சாளர் மைக்கை விட்டு விலகியதும் உரை முழுவதும் நின்றுபோகிறது, ஏனெனில் எங்களுக்கும் அந்த மைக் வழியாகத்தான் ஒலி வருகிறது. வேகமும் அவ்வாறே. நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைகளில், உரைபெயர்ப்பாளர்களுக்காக, பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கும், நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு விளக்கும் எரியவிட்டார்கள். இன்று பல மண்டபங்களில் அந்த விளக்கு இல்லை. அமர்வுத் தலைவரிடம் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து வைத்தாலே போதும் என்பதை ஒரு பொறியியல் மாநாட்டில் கண்டேன். பேச்சாளர்களும் அதை மரியாதையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த வேலையை ஒருவர் தொடர்ந்து செய்தால் அரை மணி நேரத்துக்குள் கவனம் தளரும் என்பதால், இருவராக அமர்ந்து மாறி மாறிப் பேசுகிறோம். ஒருவரை மட்டும் அமர்த்திச் செலவைக் குறைக்காதீர்கள். ஸ்லைடுகளை மூன்று நாள்களுக்கு முன்னராவது எங்களுக்கு அனுப்புங்கள். துறைச் சொற்களுக்கு நிகரான சொற்களை நாங்கள் ஆயத்தம் செய்துகொள்வதற்கு அந்த நேரம் வேண்டும்.