‘ஸ்ட்ரைக்’குக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

உவர்மலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலை விளையாட்டுச் சஞ்சிகையில் நாடுகள் மோதும் உலக பேஸ்போல் கிளாசிக் போட்டி பற்றி நாலு பக்கம் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். 2006இலும் 2009இலும் ஜப்பான், 2013இல் ஓர் ஆட்டமும் தோற்காத டொமினிக்கன் குடியரசு, 2017இல் அமெரிக்கா வென்றன என்று பழைய கதையெல்லாம் எழுதியாயிற்று. 2023 இறுதியாட்டத்தில் வந்து நிற்கிறேன். மியாமியில் ஜப்பான் 3–2 என முன்னிலை. கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. ஜப்பானின் ஒட்டானி வீசுகிறார், எதிரே நிற்கும் அமெரிக்காவின் ட்ரவுட், கழக ஆட்டங்களில் அப்போது அவருடைய சொந்த அணிக்காரர். மூன்று போல் (ball), இரண்டு ஸ்ட்ரைக் (strike).

இந்தக் கடைசி வரியைத் தரம் 8 பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஸ்ட்ரைக் என்றால் அடி என்கிறது அகராதி. இங்கேயோ அடிபடாத பந்துக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர். ‘மூன்று போல்’ என்று எழுதினால் உவம உருபாகிவிடுகிறது. நல்ல சொல் தாருங்கள்.

நிலாவெளியிலிருந்து:

பிள்ளை, ஸ்ட்ரைக்குக்குச் செவ்வீச்சு, மற்றதற்குப் புறவீச்சு. முழங்காலடியிலிருந்து நெஞ்சளவு வரை, அடிப்பவர் அருகே தரையில் பதித்த தட்டின் அகலத்துக்குள் வந்தால் அது செம்மையான வீச்சு. வெளியே போனால் புறம். அகம், புறம் படித்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. கிரிக்கெட்டுக்குத் துடுப்பாட்டம் என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாகத்தானே இருந்திருக்கும்? இன்றைக்கு வானொலியில் கேட்டால் யாராவது முகம் சுளிக்கிறார்களா?

மூதூரிலிருந்து:

ஐயா, ரீச்சர் எழுதிய அதே ஆட்டத்தில் செவ்வீச்சு விழுந்துவிடுகிறது. ஒட்டானியின் அந்தக் கடைசிப் பந்து வெளிப்புறமாக வளைந்து தட்டைவிட்டு விலகிப் போனது. ட்ரவுட் மட்டையை வீசினார், படவில்லை. ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அது புறவீச்சு. ஜப்பானுக்குக் கிண்ணமே இல்லை! எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்ட பந்தையும் முதல் இரண்டு முறை ஸ்ட்ரைக்காகத்தான் எண்ணுவார்கள். பந்து எங்கே போனது என்பதை வைத்துப் பெயரிட்டால் சரிவராது. அடிப்பவருக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

நான் எல்லே பழக்குகிறவன், பேஸ்போலை ஒத்த நம் நாட்டு விளையாட்டு. எல்லேயில் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. அது நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஸ்ட்ரைக் என்றால் வாய்ப்பிழப்பு. மூன்று வாய்ப்பிழப்பு, ஆள் வெளியே.

நிலாவெளியிலிருந்து:

தம்பி சொல்வது நியாயம். செவ்வீச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் வாய்ப்பிழப்பு சொல்லல்ல, விளக்கம். நடுவர் கையை உயர்த்தி ‘வாய்ப்பிழப்பு’ என்று கத்த முடியுமா?

இரவு முழுதும் யோசித்தேன். நம்மிடம் ‘எறி’ இருக்கிறது. வீசுவதும் எறிதல், வெட்டி வீழ்த்துவதும் எறிதல். ‘களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே’ என்றாரே பொன்முடியார். அங்கே யானை மேல் கல்லையா எறிந்தார்கள்? அலை கரையில் மோதுவதும் எறிதல்தான், எறிதிரை. வீச்சும் வீழ்த்தலும் ஒரே வேரில் கிடக்கும்போது எதற்கு இரவல்? முதல் எறி, இரண்டாம் எறி, மூன்றாம் எறி. ஓரசைபோலச் சட்டென்று ஒலிக்கும்.

இன்னொன்று. நம் திருக்கோணமலையைப் பாடும் கோணமாமலைப் பதிகத்தில் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்’ என்று சம்பந்தர் பாடுகிறார். கொழித்தல் என்றால் ஒதுக்குதல், அரிசியும் கல்லும் பிரித்தல். நல்ல பந்து, கெட்ட பந்து பிரிக்கும் நடுவரைக் கொழிப்பர் என்று சொல்லலாமா? நம் ஊர்ப் பதிகத்திலிருந்தே ஒரு சொல் போனால் அழகாக இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து:

நடுவர் நடுவராகவே இருக்கட்டும், ஐயா. அந்தச் சொல்லில் யாருக்கும் குறையில்லை.

‘எறி’ நிரையசை என்பதால் ஓரசை என்பது சரிதான். ஆனால் பந்து வீசுவதற்கும் எறி, ஸ்ட்ரைக்குக்கும் எறி என்றால், ‘அவர் எறிந்த மூன்றாம் பந்து இரண்டாம் எறி’ என்று எழுத வேண்டி வரும். மெய்ப்புப் பார்க்கிற எனக்கே தலை சுற்றுகிறது.

மூதூரிலிருந்து:

அதைவிடப் பெரிய தடை, எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்வோம். மைதானத்தில் ‘எறி, எறி’ என்று கத்துவதே அதற்குத்தான். பேஸ்போலில் ஆளின் மேல் எறியக்கூடாது. நாளைக்கு இந்தச் சஞ்சிகையை வாசித்துவிட்டு ஒரு பொடியன் இன்னொருவன் முதுகைக் குறிபார்த்தால் யார் பொறுப்பு?

ஸ்ட்ரைக் என்றே விடுங்கள். பத்திரிகை இலக்கு என்று எழுதினாலும் பிள்ளைகள் விக்கெட் என்றுதான் சொல்கிறார்கள்.

சாம்பல்தீவிலிருந்து:

‘போல்’ என்பதற்கு விடுவீச்சு எப்படி? வினைத்தொகை. விட்ட, விடுகின்ற, விடும் வீச்சு. அடிக்காமல் விட்டதால்தானே அது ‘போல்’.

மூதூரிலிருந்து:

அடிக்காமல் விட்டதும் ஸ்ட்ரைக் ஆகலாம், அக்கா. தட்டுக்கு மேலே நேராக வந்திருந்தால் ஆகிவிடும்.

உவர்மலையிலிருந்து:

இன்று புதன். முதல் சுற்றில் ஒருவர் 65 பந்துக்கு மேல் வீசக்கூடாது, காலிறுதியில் 80, அதன்பிறகு 95 என்ற விதிக்கு ‘வீச்சு வரம்பு’ என்று எழுதினேன். அதற்கு மறுப்பு வரவில்லை, நன்றி. புறவீச்சை வைத்துக்கொள்கிறேன், மட்டையை வீசாமல் விட்ட பந்துக்கு மட்டும் என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன். ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்காகவே போகும். முதல் தடவை வரும் இடத்தில் ‘அடிப்பவர் இழக்கும் ஒரு வாய்ப்பு’ என்று விளக்கம் இருக்கும். நான்கு பேர் இதற்குச் சரி என்றிருக்கிறீர்கள்.

நிலாவெளியிலிருந்து:

ஒன்று தமிழ், மற்றது இரவல். சோடி பொருந்தவில்லை, பிள்ளை. பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன். ஆனால் உடன்படவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். விளக்கக் குறிப்பில் ‘எறி எனவும் கூறலாம்’ என்று மூன்று சொல் சேர்க்க இடமிருக்குமா? எல்லேக்காரத் தம்பிக்கு நான் தனியாக எழுதிக் கேட்கிறேன்.