பாலக்கோடு சொந்தங்கள் குழுவில் ஒரு ‘முட்டை’

செல்வராஜ் மாமா, இரவு 8:12
[படம்] பலமுறை பகிரப்பட்டது
“காரிமங்கலம் பக்கம் கிணறு வெட்டும்போது 7 டைனோசர் முட்டைகள்!! தர்மபுரி மாவட்டத்துக்கே பெருமை. 10 பேருக்கு அனுப்புங்கள்.”

சுமதி அத்தை, 8:15
கிணற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

கயல், 8:21
மாமா, அது முட்டை இல்லை. கல்.

செல்வராஜ் மாமா, 8:22
படத்தைப் பார்த்தே எப்படி கண்ணு சொல்கிறாய்? மேலே ஓடு உரிகிறது பார். பக்கத்தில் நிற்கிற ஆளின் இடுப்பு உயரம் இருக்கிறது.

கயல், 8:27
அந்த இடுப்பு உயரமே காட்டிக்கொடுக்கிறது மாமா. அவ்வளவு பெரிய முட்டை எந்த டைனோசரும் இட்டதில்லை. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 முட்டைகள் கண்டுபிடித்து 2023-ல் கட்டுரை வெளியிட்டார்கள். யானையைவிடப் பெரிய விலங்குகளின் முட்டைகள் அவை. குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர், அவ்வளவுதான். முட்டை பெரிதாக ஆக ஓடும் தடிக்க வேண்டும். ஓடு ரொம்பத் தடித்தால் உள்ளே காற்று போகாது, குஞ்சால் உடைத்துக்கொண்டு வரவும் முடியாது.

மணி அண்ணன், 8:30
கயல் சொல்வது சரி. எங்கள் கிருஷ்ணகிரி குவாரியில் இந்த மாதிரி போல்டர் தினமும் பார்க்கிறேன். ஜேசிபி தட்டினால் மேல் பொருக்கு உதிரும், உள்ளே கெட்டிக் கல். அதை டைனோசர் என்று சொல்லியிருந்தால் நான் எப்போதோ பணக்காரன்.

ரேவதி அக்கா, 8:31
அப்புறம் எப்படி அவ்வளவு உருண்டையாக இருக்கிறது? யாரோ செதுக்கிய மாதிரி.

கயல், 8:36
பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் இருக்கும் அக்கா. அது வழியாகத் தண்ணீர் இறங்கும். மூலைகளை இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் தாக்குவதால் அவை முதலில் மக்கும். கட்டம் கட்டமாக இருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டையாகி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும். மாமா பார்த்த ஓடு அதுதான்.

செல்வராஜ் மாமா, 8:38
சரி, இந்தப் படம் பொய். ஆனால் இன்னும் ஆழமாகத் தோண்டினால் கிடைக்கலாம் இல்லையா?

கயல், 8:45
தோண்டத் தோண்ட இன்னும் கிடைக்காது மாமா 😀 நம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் சுமார் 250 கோடி வருடப் பழசு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி உருவானவை. டைனோசர் வந்ததே 23 கோடி வருடத்துக்கு முன்புதான். அந்தப் பாறை உருவானபோது எலும்புள்ள உயிர் ஒன்றுகூடக் கிடையாது.
டைனோசர் இங்கே நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கலாம். ஆனால் செத்த பிறகு மணலோ சேறோ சீக்கிரம் மூடி, அது அப்படியே கல்லாக வேண்டும். நம் மேட்டு நிலத்தில் படிந்ததைவிட அரித்துப் போனதுதான் அதிகம். அரியலூர் பக்கம் அப்போது கடல் உள்ளே வந்து போனது, படிவு சேர்ந்தது. அதனால் அங்கே கிடைக்கிறது.

செல்வராஜ் மாமா, 8:47
அரியலூர்! உலகத்திலேயே பெரிய டைனோசர் அங்கேதான், யூடியூப்பில் பார்த்தேன்.

கயல், 8:54
கல்லமேட்டில் கிடைத்ததைச் சொல்கிறீர்கள். புருஹத்காயோசரஸ். 1987-ல் விவரித்தார்கள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றுதான் நினைத்தார்கள், பிறகுதான் நீள்கழுத்துச் சைவம் என்று மாற்றினார்கள். ஆனால் எலும்புகள் பொடிப்பொடியாக உதிர்ந்து போய்விட்டன. இப்போது கையில் இருப்பது பழைய படங்கள்தான். பெரியதுதான், சந்தேகமில்லை. முதலிடம் என்று அடித்துச் சொல்லத்தான் எலும்பு இல்லை.
முட்டை விஷயத்திலும் அங்கே இரண்டு கதை உண்டு. 2009-ல் செந்துறை பக்கம் முட்டைக் குவியல்கள் கிடைத்ததாகப் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020-ல் பெரம்பலூர் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து ‘டைனோசர் முட்டை’ என்று ஊரெல்லாம் பரவியது. போய்ப் பார்த்தவர்கள் அவை அம்மோனைட் என்றார்கள், சுருள் ஓடு கொண்ட கடல் உயிர். பழசாக, பெரிசாக, விநோதமாக எது வந்தாலும் டைனோசர் பெயரை ஒட்டிவிடுகிறோம்.

ரேவதி அக்கா, 9:02
யுவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். திருவிழாவில் வாங்கிய டைனோசர் பாக்கெட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு, “இதில் எது டைனோசர் இல்லை, சித்தியைக் கேள்” என்கிறான்.
[படம்]

கயல், 9:08
இறக்கை உள்ளது இல்லை, அது டெரோசர், நெருங்கிய உறவு மட்டும். துடுப்புக் கால் உள்ள கடல் பிராணியும் இல்லை. டைனோசருக்கு இடுப்புக்கு நேர் கீழே கால் இறங்கும், பல்லிக்கு மாதிரி பக்கவாட்டில் விரியாது. முதுகில் பெரிய விசிறி இருப்பது டைமெட்ரோடான். முதல் டைனோசர் பிறப்பதற்குக் கிட்டத்தட்ட 4 கோடி வருடம் முன்பே அது அழிந்துவிட்டது. சொந்தம் என்று பார்த்தால் அது நம் பாலூட்டி வகையறா.

சுமதி அத்தை, 9:09
நம் சொந்தமா? கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டோமே.

ரேவதி அக்கா, 9:12
வெலாசிராப்டர் என்கிற டைனோசருக்கு இறகு உண்டா என்று கேட்கிறான். டீச்சர் சொன்னார்களாம், இவன் நம்பவில்லை.

கயல், 9:14
உண்டு தம்பி. முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த மேடுகள் வரிசையாக இருப்பதை 2007-ல் காட்டினார்கள். உடம்பும் வான்கோழி அளவுதான்.

ரேவதி அக்கா, 9:15
கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மணி அண்ணன், 9:17
மயிலாடும்பாறையில் 4,200 வருடத்து இரும்பு கிடைத்ததே, அந்தக் காலத்து ஆட்கள் டைனோசரைப் பார்த்திருக்க மாட்டார்களா?

கயல், 9:20
அண்ணா, 4,200 வருடம் எங்கே, டைனோசர் அழிந்த 6.6 கோடி வருடம் எங்கே. மனித இனத்துக்கே சுமார் 3 லட்சம் வயதுதான். மெக்சிகோ பக்கம் விண்கல் விழுந்ததோடு பெரிய டைனோசர்கள் முடிந்தன. ஒரு கிளை மட்டும் தப்பியது, பறவைகள். அறிவியல் கணக்கில் இன்றைக்கு இருக்கும் பறவைகள் எல்லாமே டைனோசர்தான்.

சுமதி அத்தை, 9:23
மயிலுமா?

கயல், 9:23
மயிலும்தான் அத்தை.

சுமதி அத்தை, 9:26
நிலக்கடலை விதைத்த மறுநாளே வந்து பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது. விரட்டினால் கேஸ் என்கிறார்கள். அழிந்தது அழிந்தது என்று யார் சொன்னது, எங்கள் காட்டில் வந்து பார்க்கச் சொல்.

செல்வராஜ் மாமா, 9:31
முட்டைப் படத்தை அழித்துவிட்டேன். மற்ற 3 குழுவிலும் கயல் சொன்னதைப் போட்டுவிட்டேன். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிம மியூசியம் இருக்கிறதாமே? மே லீவில் யுவனைக் கூட்டிக்கொண்டு போவோம்.

கயல், 9:33
போகலாம் மாமா. வழியில் பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது, அதையும் பார்க்கலாம். சுமார் 12 கோடி வருடப் பழசு.

மணி அண்ணன், 9:34
கார் என்னுடையது. டோல் மாமா கணக்கு.