இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

வணக்கம். நான் கோத்தகிரிக்காரன். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் தாத்தா குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. இன்றைக்கும் விடியற்காலையில் எழுந்து "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. எந்தப் பெரட்டு, எந்தக் கங்காணி!

அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். கோவையில் கல்லூரி படித்தபோது நான் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் வேலை என்று வந்தபோதும், ஆசைப்பட்டதை விட்டுவிட்டு, யாரும் கிளப்ப முடியாத அரசு வேலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். அதில் வருத்தமில்லை, ஆனால் அந்தப் பயம் என்னுடையதல்ல, தாத்தாவுடையது என்று இப்போதுதான் உறைக்கிறது. மகள் வெளிநாட்டில் படிக்கக் கேட்கிறாள். வாயைத் திறந்தால் "வேண்டாம்" என்றுதான் வருகிறது.

அவளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு டிசம்பரில் வரலாம் என்றிருக்கிறோம். பழைய குடும்ப அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்த இடம் மடிப்பில் கிழிந்துவிட்டது. தலவாக்கலைக்கு நடந்து போகும் தூரம், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே ஆறு, மேலே மாரியம்மன் கோயில். அப்பாவுக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். 1970க்கு முந்தைய செக்ரோல் (தொழிலாளர் பெயர், வேலைநாள் பதிவு) புத்தகங்களைத் தோட்டங்களில் வைத்திருப்பார்களா? யாரிடம் கேட்க வேண்டும்? பிறப்புப் பதிவை வைத்துத் தேடியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்பாவால் மேடு ஏற முடியாது, வண்டி போகும் வழியா என்பதும் தெரிந்தால் நல்லது.