நாய்க்கும் பூனைக்கும் ஒரே குக்கரில் சமைத்துப் போடலாமா?

வைகைக்கரை:
வீட்டில் ஒரு நாட்டு நாய், மூன்று வயது, 12 கிலோ. பூனை ஒன்று, மூன்றரை கிலோ. பாக்கெட் தீனி விலை ஏறிக்கொண்டே போகிறது, அதனால் இரண்டுக்கும் வீட்டிலேயே சமைக்கலாம் என்று பார்க்கிறேன். குக்கரில் அரிசி, கோழிக்கறி, கேரட், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்து இரண்டுக்கும் பிரித்து வைத்தால் போதுமா? உண்ணி வராது என்று அம்மா இரண்டு பல் பூண்டும் சேர்க்கச் சொல்கிறார். பழகியவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பிவீடு:
பூண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் அப்படித்தான், வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் குறைந்த அளவு கொடுத்தாலே ஆபத்து. அதனால் சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் எதுவும் கூடாது. திராட்சை, கிஸ்மிஸ் நாய்க்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். உண்ணிக்கு டாக்டரிடம் மருந்து வாங்கிவிடுங்கள்.

நாய்க்கு அரிசி நன்றாகவே செரிக்கும், பிரச்சினை கால்சியம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும், வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவதும் எலும்பு முறிவதும் இதனால்தான். அதற்காக வேகவைத்த கோழி எலும்பைப் போட்டுவிடாதீர்கள், அது கூராக உடைந்து குடலைக் குத்தும். முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும், உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் போதும்.

தோட்டத்துமாமரம்:
எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக நாய்க்குத் தயிர்சாதமும் பழைய சோறும்தான். எல்லாம் நன்றாகத்தானே இருந்தன? இவ்வளவு கணக்கு தேவையா?

கறுப்பிவீடு:
அந்த நாய்கள் கட்டிப்போட்டவை அல்ல, அண்ணா. எலி பிடித்தன, மீன்தலையும் கறிக்கடைக் கழிவும் தின்றன, நாம் வைத்த சோறு அவற்றுக்கு ஒரு பங்குதான். மாடிவீட்டில் சங்கிலியில் இருக்கும் நாய்க்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. கலிபோர்னியாவில் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் 2013இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள், அவற்றில் 95 சதவீதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் முட்டை ஓட்டில் வராது, அதனால் ஒரு வைட்டமின்-தாது கலவையும் டாக்டரிடம் கேட்டுச் சேர்க்கத்தான் வேண்டும்.

சாம்பல்பூனை:
பூனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பூனை முழுக்க இறைச்சி உண்ணி, அதற்கு அரிசி தேவையே இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானே உருவாக்கிக்கொள்ள முடியாது, அது குறைந்தால் பார்வை மங்கும், இதயத் தசை தளர்ந்துபோகும். கறியை வேகவைக்கும்போது இது தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் போயிற்று. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் பூனைக்கு வராது, அதற்கு ஈரல் வேண்டும், ஆனால் தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ அளவு மீறிக் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். மத்தி மீனைப் பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி போய்விடும்.

அதனால் பூனைக்குப் பாக்கெட் தீனியை நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மேலே கொஞ்சம் வேகவைத்த கோழித் தொடைக்கறியோ இதயமோ வைக்கலாம், ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல்.

வைகைக்கரை:
பூண்டை அம்மாவிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். சரி, பூனைக்குப் பழைய தீனியே இருக்கட்டும். நாய்க்கு மட்டும் என்றால் அளவு எப்படி? உடனே மாற்றிவிடலாமா?

கறுப்பிவீடு:
12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கலோரி. எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 250 கிராம், அரிசி 70 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய், இத்தனையும் வேகவைத்து ஆறியபின் ஓட்டுத்தூளும் டாக்டர் சொன்ன கலவையும் கலந்து இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துப் பழைய தீனியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், ஏறினால் அரிசியைக் குறையுங்கள்.

சாம்பல்பூனை:
ஒன்று விட்டுப்போயிற்று. பசித்தால் தின்னட்டும் என்று பூனையைப் பட்டினி போட்டுப் புது உணவுக்குப் பழக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.