பைசா கோபுரத்த நிமித்துன மாதிரி சாஞ்ச தண்ணித் தொட்டிய நிமித்த முடியுமுங்களா?

கரிசக்காட்டான் (உடுமலை பக்கம்)
வணக்கமுங்க. ஊர் மேல்நிலைத் தொட்டி, 30,000 லிட்டர், நாலு காலு, தொட்டி அடி வரைக்கும் 12 மீட்டர் ஒசரம். அடியில சுத்தக் கரிசல் மண்ணு. கெழக்கால காலை ஒட்டிச் சாக்கடைக்குத் தோண்டுனதுக்கு அப்பறம், அந்தப் பக்கமா சாஞ்சது கண்ணுக்கே தெரியுது. "பைசா கோபுரம் எத்தனையோ நூறு வருசமா சாஞ்சேதான் நிக்குது, இதுக்கென்ன"ங்கறாங்க. அங்க மண்ண எடுத்தே நிமித்துனாங்களாமே, அது இங்க ஆகுமுங்களா? மொதல்ல சாய்வ எப்படி அளக்கறதுங்க?

தூக்குக்குண்டு
மொதல்ல அளவுங்க. காத்தில்லாத விடியக்காலையில, காலோட உச்சியில ஒரு கட்டைய வெச்சு, காலுக்கு 10 செ.மீ. தள்ளி நூல் வர்ற மாதிரி தூக்குக்குண்டு விடுங்க. நீளமான நூல் ஆடிட்டே இருக்கும். குண்டு பழைய ஆயில் நெறஞ்ச பக்கெட்டுக்குள்ள முங்கியிருந்தா சீக்கிரம் நிக்கும். கீழ நூலுக்கும் காலுக்கும் உள்ள தூரத்துல அந்த 10 செ.மீ. போக மிச்சந்தான் சாய்வு. நாலு காலுலயும், ரெண்டு தெசையிலயும் எடுங்க.

அப்பறம் டியூப் லெவல் (தண்ணி நெறச்ச கண்ணாடி மாதிரிக் கொழாய், ரெண்டு மொனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும்) வெச்சு, கால்களச் சேர்க்கற குறுக்கு பீமோட மட்டம் பாருங்க. இத யாரும் பண்றதில்ல, ஆனா இதுதான் முக்கியம். கால் சாஞ்சிருந்து பீம் மட்டமா இருந்தா, கட்டும்போதே தூக்கு பாக்காம விட்டதுன்னு அர்த்தம். பீமும் அதே கணக்குல சரிஞ்சிருந்தா கடைக்கால் எறங்கிருச்சு. 12 மீட்டருக்கு 9 செ.மீ. சாய்வுன்னா, 3 மீட்டர் பீமுல 2.25 செ.மீ. எறக்கம் காட்டோணும்.

சுக்காம்பாறை
பைசாவ வெச்சு மனசத் தேத்திக்கறது தப்புங்க. அதோட அடி கிட்டத்தட்ட 20 மீட்டர் அகலம், எடை 14,500 டன். அவ்வளவும் ஒரே வட்டமான கடைக்கால் மேல ஒக்காந்திருக்குது. உங்குளுது தனித்தனியா நாலு காலு, உச்சியில 30 டன் தண்ணி. 9 செ.மீ. தள்ளுனா அந்தத் தண்ணி மட்டுமே 2.7 டன்-மீட்டர் திருப்பு விசைய அடியில கூட்டும். அது சாஞ்ச பக்கத்து ரெண்டு கால் மேலதான் போய் ஏறும். ஏறுன பாரத்துல அந்தப் பக்கம் இன்னும் எறங்கும்.

பைசா தப்பிச்சதுக்கு ஒரு காரணம், வேல நடுவுல நின்னு போனது. 1173ல ஆரம்பிச்சு, மூணு அடுக்கு முடிஞ்சு 1178ல நின்னு, 1272லதான் மறுபடி தொடங்குச்சு. அந்தக் கிட்டத்தட்ட நூறு வருசத்துல அடியில இருந்த களிமண்ணு தண்ணியக் கக்கி இறுகிருச்சு. ஒரே மூச்சுல கட்டியிருந்தா அப்பவே விழுந்திருக்கும்.

அதைச் சரி பண்றேன்னு போனவங்க கெடுத்ததும் உண்டு. 1838ல அடிப்பாகத்தப் பாக்கறதுக்குன்னு சுத்தியும் பள்ளம் தோண்டுனாங்க, கோபுரம் வெடுக்குனு இன்னும் சாஞ்சுது. உங்க சாக்கடைக் கதையேதான். 1934ல கடைக்கால்ல 361 தொளை போட்டு சிமெண்ட் பால் ஏத்துனாங்க, அதுக்கும் சாஞ்சுது. 1995ல தெக்கால மண்ண திரவ நைட்ரஜன் விட்டு ஒறைய வெச்சப்போ ஒரே ராத்திரியில நகர ஆரம்பிச்சு, வடக்கால வெச்சிருந்த 600 டன் ஈயத்த 900 டன்னா ஏத்தித்தான் நிறுத்துனாங்க.

கடைசியில கேட்டது மண்ணெடுக்கற வழிதான். வடக்கால, அதாவது ஒசந்து நின்ன பக்கம், சாய்வா 41 தொளை. கொழாய்க்குள்ள சுத்தற திருகுல கொஞ்சங் கொஞ்சமா மண்ண எடுத்துட்டுக் கொழாயப் பின்னால இழுத்தா, அந்தப் பொந்து தானா மூடும், மேல இருக்கறது மெதுவா அமுங்கும். மொத்தமே 38 கன மீட்டர் மண்ணு. தெனமும் அளந்து பாத்துத்தான் அடுத்த தொளை. அரை டிகிரி நிமிந்துச்சு, உச்சியில சுமார் 45 செ.மீ. 1990ல மூடுன கோபுரத்த 2001 டிசம்பர்லதான் தெறந்தாங்க. எத்தன பொறுமை பாருங்க!

நொய்யல்கரை
தண்ணி சேந்தா மட்டுமில்ல, வத்துனாலும் சாயும். ஜெர்மனியில சூர்ஹூசன் தேவாலயக் கோபுரம் பைசாவ விடச் சாய்வு, 5.19 டிகிரி. ஓக் மரக்கட்டை மேல கட்டுனது. சதுப்புத் தண்ணிய வடிச்சதும் கட்டைக்குக் காத்துப் பட்டு உளுத்துருச்சு. தண்ணிக்குள்ளயே கெடந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கரிசலும் அப்படித்தான், காஞ்சா சுருங்கி வெடிக்கும். சாஞ்ச பக்கம் பெரிய வேம்பு, அரச மரம் இருக்குதான்னு பாருங்க, வேர் ஒரு பக்க ஈரத்த மட்டும் உறிஞ்சும். மலேசியாவுல தெலுக் இந்தான்ல 1885ல கட்டுன சாஞ்ச மணிக்கூண்டும் உச்சியில தண்ணித் தொட்டி வெச்சதுதான், அடியில இளகுன மண்ணு.

அபுதாபி கேபிட்டல் கேட் 18 டிகிரி சாஞ்சிருக்குதுன்னு யாராச்சும் கொண்டாந்தா நம்பாதீங்க. அது வேணும்னே சாச்சுக் கட்டுனது, அடியில 490 பைல் (மண்ணுக்குள்ள ஆழமா எறக்குற தூணு), நடுத்தண்ட எதிர்ப்பக்கமா வளைச்சே எழுப்புனாங்க.

கரிசக்காட்டான்
அளந்துட்டேனுங்க. நாலு காலும் கெழக்க 8 முதல் 9 செ.மீ. 3 மீட்டர் பீம் 2 செ.மீ. எறக்கம். மரம் எதுவும் இல்லீங்க.

சுக்காம்பாறை
அப்போ கடைக்கால்தான் எறங்குது. இன்னைக்கே தொட்டியக் காலி பண்ணிருங்க. கீழ சிமெண்ட் தொட்டியோ சின்டெக்ஸோ வெச்சுக் குடிதண்ணி குடுத்துக்கலாம். சுத்தியும் 20 மீட்டர் தூரத்துக்கு ஆளு, ஆடு மாடு போகாத மாதிரி வேலி. காலி பண்ணுன பின்னாடிதான் சாக்கடைத் தண்ணிய வேற பக்கமாத் திருப்பி விடோணும். பள்ளத்த ஈரக் கிராவல் 15 செ.மீ., 15 செ.மீ.யா கொட்டி, கைத்திமிசுல இடிச்சு மூடுங்க. பொக்லைன் பக்கத்துலயே வரக்கூடாது.

மேற்கால மண்ணெடுக்கறதோ, அந்தப் பக்கம் மூட்டை அடுக்கறதோ வேண்டாங்க. பைசாவுல ஒரே கடைக்கால், மொத்தமாத் திரும்புச்சு. இங்க தனித்தனிக் கால், ஒண்ணு முன்னப் பின்ன எறங்குனா பீம்தான் வெடிக்கும். பீமும் காலும் சேர்ற எடத்துல வெடிப்பு இருந்தா குறுக்கால கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி எழுதுங்க. சில்லு ஒடஞ்சா இன்னும் நகருதுன்னு அர்த்தம். வாரம் ஒருக்கா தூக்கு விடுங்க.

இதையெல்லாம் எழுதி, போட்டோவோட கட்டமைப்பு எஞ்சினியருகிட்டக் குடுத்து, மண்ணு தொளை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. புதுசாக் கட்டறதா முடிவானா, கரிசலுக்கு, அடியில குமிழ் மாதிரி அகலமா விரிச்ச பைல்தான் கேளுங்க. குமிழ் தண்டப் போல ரெண்டரை மடங்கு அகலம், ஆழம் 3.5 மீட்டருக்குக் கொறையாம, வெயிலுக்கும் மழைக்கும் அசையாத மண்ணுல போய் ஒக்காரோணும். எட்டுற ஆழத்துல சுக்காம்பாறை (சுண்ணாம்பு கலந்த கெட்டிப் பாறை) வந்துட்டா இன்னும் நல்லதுங்க.