சட்டை மாற்றிய குழிநரி

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் மார்கழியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருந்தோம். தை மாதம் ஒருநாள் விடியற்காலையில் மோட்டார் போடப் போனால், வரப்போரம் ஒரு குழிநரி. சாம்பல் நிறம், புசுபுசுவென்று உடம்பு, வால் நுனி மட்டும் கறுப்பு. டார்ச் அடித்ததும் பொந்துக்குள் போய்விட்டது.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்கும்போது அதே பொந்து வாசலில் இன்னொன்று நின்றது. ஒல்லி, செம்மண் நிறம், விலாவில் திட்டுத்திட்டாக முடி தொங்கியது. வேறு நரி என்றுதான் நினைத்தேன். நைனா, "அதேதாண்டா, இடது காது கிழிஞ்சிருக்கு பார்" என்றார். கண்ணாடி போட்டவன் நான், பார்த்தவர் அவர்.

வேலிகாத்தான் முள்ளில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் பஞ்சு போல மென்முடி, நடுநடுவே கறுப்பு நுனியோடு நீளமான முடிகள். அந்த நுனிகள் சேர்ந்துதான் தையில் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. சித்திரையில் அவை உதிர்ந்துவிட்டன. மீதிச் சிவப்பில் பாதி எங்கள் கொல்லை மண்ணின் உபயம்.

பின்னூட்டத்தில், காட்பாடியிலிருந்து ஒருவர்:
சொறியாக இருக்குமோ? எங்கள் தெரு நாய்க்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

நான்:
நானும் பயந்தேன். சொறி என்றால் தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கும், சொறிந்துகொண்டே இருக்கும். இதற்கு உதிர்ந்த இடத்தில் புதுமுடி தெரிந்தது.

நார்வேயில் நர்ஸாக இருக்கும் குடியாத்தத்துக்காரர்:
ஜூலையில் வடதுருவத்துப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போனேன். வெள்ளை நரியைப் பார்க்கும் ஆசையில் போனால், தவிட்டு நிறத்தில் ஒன்று ஓடுகிறது. போட்டோ அனுப்பினேன். அம்மா, "இந்த நாயைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனே?" என்றார். கோடையில் பனி நரி அப்படித்தான் இருக்குமாம். முளைத்த முடி நிறம் மாறாது. பழசு உதிர்ந்து, நிறமி இல்லாத வெள்ளை முடி குளிர்காலத்துக்குப் புதிதாக முளைக்கிறது. பகல் குறைவதை வைத்தே உடம்பு காலத்தைத் தெரிந்துகொள்கிறது, பனி விழும்வரை காத்திருப்பதில்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவை குளிர்காலத்திலும் கருமைதான்.

நான்:
அங்கே மாதக்கணக்கில் சூரியனே எழாது. நம் வேலூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பனியும் இல்லை, வெள்ளையாகி எங்கே ஒளிவது? நம் நரிக்கு அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் கம்பளியைக் கழற்றினால் போதும்.

அப்புறம், அது இளைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. பொந்துக்குள் குட்டிகள். நைனா அந்தப் பக்கம் டிராக்டரைத் திருப்பவே விடவில்லை. மூலையில் நாலு சால் உழாமல் கிடக்கிறது.