இருசக்கர வண்டிப் பராமரிப்பை நாமே செய்வது: எதிலிருந்து தொடங்கலாம், எதைத் தொடக் கூடாது?

தாம்பரத்தான்:

என்னிடம் இருப்பது 2021-இல் வாங்கிய 125 சிசி வண்டி. பிஎஸ்-6 இன்ஜெக்‌ஷன் எஞ்சின், முன்னே டிஸ்க், பின்னே டிரம். இலவச சர்வீஸ்கள் முடிந்த பிறகும் வாங்கிய இடத்திலேயே சர்வீசுக்கு விட்டு வந்தேன். சென்ற மாதம் எடுத்து வந்தபோது சங்கிலி வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. மகனின் பள்ளி அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன். கையேடு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை தொய்வு இருக்க வேண்டும் என்கிறது. இருந்ததோ பத்துக்கும் குறைவு. ரசீதில் செயின் சரிசெய்ததாகத் தனி வரியும் அதற்குக் கூலியும் இருந்தன. பணம் போனதைவிட, அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் நானே இதை ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்பதுதான் உறுத்துகிறது. என்னிடம் வண்டியோடு வந்த கருவிப் பையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வாரண்டியும் இன்னும் சில மாதங்கள் இருக்கிறது. எந்த வேலைகளை நானே எடுத்துக்கொள்ளலாம், எவற்றைத் தொடாமல் விட வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வைகைக்கரை:

நண்பரே, சங்கிலியிலிருந்தே தொடங்குங்கள். தவறு நேர்ந்தாலும் உடனே திருத்திக்கொள்ளக்கூடிய வேலை அது. நீங்கள் கண்ட விறைப்பு சின்ன விஷயமல்ல. வண்டியில் ஆள் ஏறியதும் பின்சக்கரம் மேலெழும்போது முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவை) அச்சு, சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டை நெருங்குகின்றன. அந்த நிலையில்தான் சங்கிலி மிக அதிகமாக இழுபடும். சும்மா நிற்கும்போதே தொய்வு இல்லையென்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இழுப்பு முழுவதையும் கியர்பாக்ஸ் பேரிங்கும் சக்கர பேரிங்கும் தாங்க வேண்டியிருக்கும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, சங்கிலியின் மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளவெடுங்கள். அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். நட்டை முடுக்கிய பிறகு ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள், முடுக்கும்போது அளவு மாறிவிடுவது உண்டு. பலர் மறப்பது இதற்கு அடுத்த படியை: அச்சு பின்னோக்கி நகர்ந்தால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும், ஆகவே பெடலின் இடைவெளியைச் சரிசெய்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

சங்கிலியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் 90 கியர் ஆயில் விட்டால் போதும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கும் பழக்கம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். பல்லுக்கும் சங்கிலிக்கும் நடுவே துணி போனால் விரலும் கூடப் போகும்.

பட்டறைக்காரன்:

கோவையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது எளிய வேலைதான். ஆனால் வீட்டில் செய்து பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் டிரெயின் போல்ட்டின் (எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்) மரையை வழுக்கவிட்டவர்களே. போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். நீளமான ஸ்பேனரின் கடைசியைப் பிடித்து, கசியக் கூடாதே என்ற அச்சத்தில் இன்னும் ஒரு சுற்று என்று இழுத்தால், கை திடீரென்று லேசாகும். அந்த ஒரு நொடியில் மரை போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு துளையைப் பெரிதாக்கி, ஸ்லீவ் வைத்து, புது மரை போட வேண்டும். முதலில் கையால் திருகுங்கள், வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், முடிந்தால் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

ஆயில் டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் அதிலேயே நனைந்து ஓடுவதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எம்பி (MB) என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கு உரியது. அளவுக் குச்சியைப் பல வண்டிகளில் திருகாமல் வெறுமனே வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், ஊற்ற வேண்டியதைவிடக் குறைவாக ஊற்றிவிடுவீர்கள்.

ஏர் ஃபில்டரில் பிசுபிசுப்பாக எண்ணெய் பூசிய காகித வகை இருந்தால் அதைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, உரிய கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதுதான். பிரேக் திரவம், ஃபோர்க், இன்ஜெக்‌ஷன் சென்சார்கள் ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டேப்பெட் இடைவெளியை, அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்ப்பதைக் கூட, யாராவது ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டிய பிறகு செய்யுங்கள்.

மழைக்காலப் பயணி:

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் வாரண்டி இருக்கும் வரை, குறித்த காலத்து சர்வீஸ்களை அங்கேயே முடித்து, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன். எஞ்சினில் பெரிய கோளாறு வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்தப் பக்கங்களைத்தான். இரண்டு சர்வீசுக்கு நடுவே சங்கிலி, டயர் காற்று, கேபிள் எண்ணெய் ஆகியவற்றை நீங்கள் பார்த்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

தாம்பரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை சங்கிலியை மட்டும் செய்து பார்த்தேன். அரை மணி என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஆனது. வலப்பக்கக் கோடு இடப்பக்கத்தைவிட ஒரு கோடு முழுவதும் பின்னே இருந்தது. சக்கரம் இத்தனை நாளும் கோணலாகவே ஓடியிருக்கிறது. இப்போது இறுக்கமான இடத்தில் 28 மில்லிமீட்டர் இருக்கிறது, ஆக்சிலேட்டரை விடும்போது கேட்ட முனகலும் நின்றுவிட்டது. ஆயிலை வாரண்டி முடிந்த பிறகு தொடுகிறேன். அப்போது வடித்தெடுக்கும் பழைய ஆயிலை என்ன செய்வது?

பட்டறைக்காரன்:

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றிவிடாதீர்கள். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, அருகில் உள்ள பட்டறையில் கொடுங்கள். பீப்பாயில் சேர்த்து வைத்து, எடுத்துச் செல்ல வருபவர்களிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுப்பதற்கு முன் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, புது ஆயில் ஊற்றுவதற்கு முன் என்னைப் போன்ற யாரிடமாவது காட்டிவிடுங்கள்.